சத்தமில்லாத கௌபோய் படம்

அப்பாவின் இடது கை எழுந்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

டென்மார்க்கில், சில்க்போர்க் நகரின் ஏரிப் பக்கமாக இருக்கும் பயிற்சி இல்லத்தின் பொது அறையில் இருந்தோம். பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு அப்பாவை அங்கேதான் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். கோப்பி நேரம் முடிந்திருந்தது. மூலையில் யாரும் பாராமல் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் கௌபோய் தொடர். பாலைவனத்தின் நடுவே ஒரு குதிரை வண்டித் தரிப்பிடம், ஒரு கிணறு, ஒரு லாயம். காவல் அதிகாரியான மார்ஷல் கிணற்றடியில் குனிந்து தண்ணீர் இழுக்கிறார். லாயக் கதவின் நிழலில் ஒருவன் துவக்கோடு நிற்கிறான். மார்ஷல் அவனைக் காணவில்லை.

அப்பா கண்டுவிட்டார். சக்கர நாற்காலியின் கைப்பிடியிலிருந்து இடது கை எழுந்தது. சுட்டுவிரல் நீண்டு லாயத்தைக் காட்டியது. வாய் திறந்தது. ஏதோ ஒன்று தொண்டைவரை வந்து நின்றதை நான் என் கண்ணால் கண்டேன்.

அந்த நேரம் பார்த்து, எதிரே இருந்த டேனிஷ் கிழவர் ரிமோட்டை எடுத்து ஹாண்ட்போல் ஆட்டத்துக்கு மாற்றிவிட்டார். கை கீழே விழுந்தது. வாய் மூடிக்கொண்டது. "அதையே போடுங்கள், தயவுசெய்து அதையே போடுங்கள்" என்று நான் எழுந்து நின்று கெஞ்சியது அவருக்கு விளங்கவேயில்லை. "இது அரையிறுதி ஆட்டம்" என்று பொறுமையாகச் சொன்னார்.

நான் அப்படிக் கெஞ்சியதற்குக் காரணம் இருந்தது. நோய் வந்த நாளிலிருந்து அப்பா ஒரு சொல்லும் பேசவில்லை. வலது பக்கம் அசையாது. அது மெல்ல மெல்லச் சரிவரலாம் என்றார்கள். பேச்சைப் பற்றி யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் நல்லவர். படங்கள் அச்சடித்த அட்டைகளோடு வருவார். ரொட்டி, சைக்கிள், குடை. அப்பா அட்டையைப் பார்ப்பார், பிறகு ஜன்னலைப் பார்ப்பார். தாய்மொழியில் கேட்டால் வரலாம் என்று கணினித் திரையில் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் கூப்பிட்டார்கள். தமிழ்நாட்டுக்காரர், மிக மரியாதையானவர். "ஐயா, இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றார். அட்டையில் பனிச்சறுக்குக் கட்டைகள் இருந்தன. எனக்கே அதற்குத் தமிழ் தெரியாது. அப்பா அவரை வானிலை அறிக்கை வாசிப்பவரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசியில் ஒரு கூட்டம் இருந்தது. பேச்சுப் பயிற்சியைத் தொடர்வதா, அல்லது நிறுத்திவிட்டு அப்பாவை நிரந்தரமாக ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா என்று அதில் தீர்மானிப்பார்கள். "முன்னேற்றம் ஏதாவது தெரிய வேண்டும். தானாக வந்த ஒரு சொல் என்றாலும் போதும், அதைப் பிடித்துக்கொண்டு நான் வாதாடுவேன்" என்று பயிற்சிப் பெண் என்னிடம் தனியாகச் சொன்னார். பிறகு கேட்டார்: "வீட்டில் உங்கள் அப்பா எதைப் பற்றி விரும்பிக் கதைப்பார்?"

அப்பா கதைக்கும் மனிதர் இல்லை. சாப்பிட்டியோ, கதவு பூட்டினதோ, பஸ் போயிட்டுதோ. அவ்வளவும் தமிழில் கேட்பார். எல்லாவற்றுக்கும் நான் டேனிஷில் பதில் சொல்வேன். பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். இரண்டு பேருக்கும் அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. இப்போது நான் தமிழில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் எந்த மொழியிலும் பதில் சொல்வதில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கௌபோய் படம் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் இரவு வேலை செய்துவிட்டு வரும் மனிதர், மற்றவர்கள் தூங்கி எழும்பும் நேரத்தில் வந்து அந்தத் தொடருக்கு முன்னால் உட்காருவார். நான் மேல்மாடி அறையிலிருந்து இறங்கி வந்து பால் எடுத்துக்கொண்டு திரும்பிப் போகும்போது ஒரு தொப்பியும் இரண்டு குதிரையும் கண்ணில் படும். அவ்வளவுதான் எனக்கும் அந்தத் தொடருக்குமான உறவு.

அன்று நான் படிக்கும் ஹோர்சன்ஸுக்குத் திரும்பும் வழியில் ஸ்கண்டர்போர்க்கில் ரயில் மாறும்போது என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நான் மென்பொருள் படிக்கிறேன். ஒன்று வேலை செய்யாவிட்டால் எங்கே அறுந்திருக்கிறது என்று பார்ப்பதும், வேறு வழியாக ஓட்டிப் பார்ப்பதும்தான் என் படிப்பு. அப்பாவின் பேச்சு அழியவில்லை, வழிதான் அடைபட்டிருக்கிறது. கிணற்றடியில் நிற்கும் அந்த மார்ஷல் வழியாக அது வெளியே வரப் பார்த்தது. அப்படித்தான் எனக்குப் பட்டது. ரயில் மேடையில் நின்றபடியே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அக்கா விபோர்க்கில் இருக்கிறாள், என்னைவிட நிறைய மூத்தவள், கணக்காளர்.

"எடி, நீ சாப்பிட்டியா முதல்ல?" என்றாள்.

"அக்கா, கையைத் தூக்கினவர். வாய் திறந்தவர். நான் கண்டனான்."

"மூக்கில இலையான் வந்து இருந்திருக்கும், கலைச்சிருப்பார்."

"இலையானுக்கு ஆராவது விரல் நீட்டிக் காட்டுவினமோ?"

"காட்டினா நல்லதுதான். ஆனா அம்மாட்ட இப்ப சொல்லாத. அந்த மனுசி ஒவ்வொருக்காவும் நம்பி நம்பிக் களைச்சுப் போச்சு" என்றாள்.

அந்தக் கதையைத் தேடிப் பிடிப்பது பெரிய வேலையாக இருக்கவில்லை. அன்றைய நிகழ்ச்சி நிரலில் எந்தக் கதை என்று இருந்தது; தொடரின் பழைய டிவிடி இறுவட்டுத் தொகுதி ஒன்றை ஒருவரிடமிருந்து வாங்கினேன். பிறகு நான்கு நாள் வகுப்புக்குப் போகாமல் அதற்குள்ளேயே கிடந்தேன். கதை இதுதான்: தரிப்பிடத்துக் கிணறு வற்றிக்கொண்டு வருகிறது. அதை நடத்துகிறவன் அதைப் பயணிகளிடம் மறைக்கிறான். வண்டியில் வந்தவர்களில் ஒருவன் கொள்ளைக்காரன். மார்ஷலுக்கு யார் என்று தெரியாது. பார்க்கிற எங்களுக்குத் தெரியும்.

நான் செய்தவற்றை இப்போது எண்ணிப் பார்த்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது. மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு வேகமான பேச்சு விளங்காது என்று வாசித்திருந்தேன். எனவே குரல்களின் வேகத்தைத் தணித்தேன். பின்னணி இசை குழப்பும் என்று அதைக் கிட்டத்தட்ட முழுவதுமாக வழித்தெடுத்தேன். அப்பாவால் இப்போது வாசிக்க முடிவதில்லை என்று பயிற்சிப் பெண் சொல்லியிருந்தார்; எனவே கீழே ஓடும் டேனிஷ் எழுத்துகளை எடுத்துவிட்டேன். மங்கலாக இருந்த லாயத்து நிழலைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினேன். கடைசியில் நல்லதொரு ஹெட்போன். எல்லாம் சரியாகச் செய்தேன். ஒரு பரீட்சைக்கும் நான் அப்படி ஆயத்தம் செய்ததில்லை.

அப்பாவின் அறையில் கதவைச் சாத்திவிட்டு மடிக்கணினியை மேசையில் வைத்தேன். ஹெட்போனை மாட்டினேன். கிணற்றடி வந்தது. மார்ஷல் குனிந்தார். நிழலில் துவக்கு. நான் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கை அசையவில்லை. சிறிது நேரத்தில் அதே இடது கையால் ஹெட்போனை இழுத்துக் கழற்றி மடியில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். ஹெட்போன் இல்லாமல் சத்தத்தை அறை முழுக்க விட்டேன். மெதுவாக்கப்பட்ட ஆங்கிலத்தில் கொள்ளைக்காரன் ஏதோ மயக்கமருந்து குடித்தவன்போல் கதைத்தான். நான் கிணற்றடிக் காட்சியை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடி போட்டு, "அப்பா, அங்க பாருங்கோ, ஆர் நிக்கிறான்? அப்பா, ஆர் அது?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தேன். என் குரல் எப்போது அப்படிக் கிறீச்சிடத் தொடங்கியது என்று தெரியவில்லை. தாதி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ கடையில் கடன் அட்டை வேலை செய்யாதபோது பின்னால் நிற்பவர்களைத் திரும்பிப் பார்ப்போமே, அந்தப் பார்வை.

வாசலில் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் நின்று நான் அழுதேன். கூட்டத்துக்கு ஒரு கிழமைக்குச் சற்று மேல் இருந்தது. அக்கா தொலைபேசியில் நல்ல கிழி கிழித்தாள்.

"அப்பா உன்ர பள்ளிக்கூட ப்ரொஜெக்ட் இல்லை, விளங்குதோ? அந்தாளை நிம்மதியா இருக்க விடு."

"நிம்மதியா இருக்க விட்டா அப்பிடியே இருந்திடுவார்."

"இருக்கட்டுமே. உயிரோட இருக்கிறார்தானே."

"உனக்கு அது மட்டும் காணுமோ?"

"எனக்குக் காணாது" என்றாள் அக்கா. பிறகு டேனிஷுக்கு மாறினாள். கடினமானவற்றைச் சொல்ல நாங்கள் இருவரும் அப்படித்தான் மாறுவோம். தான் ஏற்கனவே விபோர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். அறை வெளிச்சமாக இருந்ததாம். பக்கத்திலேயே பஸ் நிற்குமாம்.

அன்று நான் ஹோர்சன்ஸுக்குப் போகவில்லை. அம்மாவின் வீட்டுக்குப் போனேன். அம்மா வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலை செய்கிறவர். அன்றைய வேலை முடித்து வந்து, குசினி மேசையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் அப்பாவின் உடுப்பு. ஒவ்வொன்றிலும் பெயர் தைக்க வேண்டும், அங்கே கழுவும்போது மாறிவிடும் என்று. அக்கா சொல்லவேண்டாம் என்றதை நான் அதற்குமேல் தாங்கமுடியாமல் சொல்லிவிட்டேன். கை எழுந்தது, படம் தேடினது, ஹெட்போன், எல்லாம்.

அம்மா ஊசியை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு ஊசியை எடுத்துவிட்டு, "அண்டைக்குப் பெரிய அறையில சத்தம் கூடவா இருந்ததோ?" என்றார்.

"இல்லை. குறைச்சுத்தான் வச்சிருந்தவை. ஒண்டும் கேக்கேல்லை."

"அப்ப சரி."

"என்ன சரி?"

"உவர் எப்ப பிள்ளை உந்தப் படத்தைச் சத்தத்தோட பாத்தவர்?"

எனக்கு விளங்கவில்லை. நான் பார்த்தபோதெல்லாம் சத்தம் இருந்ததே என்றேன்.

"நீ கண்டது பேந்து. நான் சொல்றது அதுக்கு முந்தி. நான் வந்த புதுசு. ஒரு அறைதான். உன்ர அக்கா தொட்டில்ல நித்திரை. கீழ் வீட்டுக் கிழவி கூட்டுற தும்புத்தடியால முகட்டைக் குத்துவா, கொஞ்சம் சத்தம் கேட்டாலும். எனக்கு டேனிஷும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. இவர் சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு, கீழ ஓடுற எழுத்தை வாசிச்சு வாசிச்சு எனக்குத் தமிழில சொல்லுவார். காதுக்குள்ள சொல்றமாதிரி மெல்லமா. நான் என்னவாம், என்னவாம் எண்டு கேப்பன். மாஷலுக்கு ஒரு குரல், பொம்பிளைக்கு ஒரு குரல், குதிரைக்கும் ஒரு குரல்."

"அப்பாவோ?"

"கொப்பர்தான். கள்ளன் ஆரெண்டாலும், எந்தக் கதையெண்டாலும், கள்ளனுக்கு என்ர பெரியண்ணைட குரல்." அம்மா ஒரு சேர்ட்டை உதறினார். "அண்ணை எங்கட கலியாணத்தில ஏதோ சொல்லிப்போட்டாராம். அதுக்காக வருசக்கணக்கா அந்தாளைக் குதிரையில ஏத்திச் சுட்டு விழுத்தினவர். இந்தா வாறார் பெரியமச்சான், வங்கியை உடைக்கப்போறார் எண்டு சொல்லுவார். எனக்குக் கோவம் வரும். அழுகையும் வரும். சிரிப்பும் வரும், சிரிச்சா பிள்ளை எழும்பிவிடும் எண்டு தலையணையை வாயில வச்சுக்கொண்டு இருப்பன்."

அப்பாவைப் பற்றி இப்படியொரு செய்தியை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. நான் பிறந்து வளர்ந்த வீட்டில் அந்த மனிதர் இருக்கவில்லை.

"ஏன் நிப்பாட்டினவர்?"

"நான் வேலைக்குப் போகத் தொடங்கிட்டன். ஞாயிறும் வேலை. எனக்கும் பாசை வந்திட்டுது எண்டு அவருக்குத் தெரியும். பேந்து ஆருக்குச் சொல்றது?" அம்மா சேர்ட்டின் கழுத்தில் ஊசியைக் குத்தினார். "உண்மையில, மொழிப் பள்ளிக்கூடம் போய்க் கொஞ்ச நாளிலயே எனக்கு அந்த எழுத்து விளங்கத் தொடங்கினது. பாத்தா, கீழ எழுதியிருக்கிறதுக்கும் இவர் சொல்றதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இவருக்கு அப்ப அவ்வளவு டேனிஷ் எங்க தெரியும். பாதி தானாக் கட்டி விடுறது."

"நீங்கள் சொல்லேல்லையோ?"

"ஏன் சொல்லுவான். அவர்ட கதைதான் திறமா இருந்தது."

நான் எழுந்து நின்றுவிட்டேன். எனக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. பொது அறையில் தொலைக்காட்சிச் சத்தம் குறைவாக இருந்தது, எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் கை எழுந்தது. நான் அறையை மூடிக்கொண்டு அவருக்கு ஊட்டியது அவர் கதை சொல்லவே இடமில்லாத படம். எழுத்தை அழித்துவிட்டு, குரலைப் பெரிதாக்கி, அவருடைய வேலையை மார்ஷலிடம் கொடுத்துவிட்டேன்.

"அம்மா, நாளைக்கு நீங்கள் வரவேணும். பக்கத்தில இருந்து என்னவாம் எண்டு கேக்கவேணும். ஒண்டும் தெரியாத மாதிரி."

"எனக்கு ஏலாது."

"ஏன்?"

"அந்த மனுசனுக்கு முன்னால நாடகம் நடிக்கச் சொல்றியோ? நான் இந்த ஊர் முழுக்க வீடு வீடாப் போய் டேனிஷ் கதைக்கிறன் எண்டு அவருக்குத் தெரியும். மூளைதான் அடிபட்டது, அறிவு போகேல்லை."

"அப்பவும் நடிச்சனீங்கள்தானே?"

"அப்ப அவரைக் கதைக்க வைக்கிறதுக்கு நடிக்கேல்லை. கேக்க ஆசையா இருந்தது, கேட்டன்."

ஆனாலும் அடுத்த நாள் வந்தார். வேலைச் சீருடையை மாற்றி, நல்ல சட்டையொன்று போட்டுக்கொண்டு வந்தார். நான் பழைய படத்தைத் திருத்தங்கள் ஒன்றும் செய்யாமல், டேனிஷ் எழுத்தோடு, சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன். அம்மா அப்பாவின் இடது பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் இருந்தேன்.

வண்டி வந்தது. பயணிகள் இறங்கினார்கள். அம்மா கேள்வியைக் கேட்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணால் கெஞ்சினேன். மார்ஷல் குதிரையை விட்டு இறங்கியபோது அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "இஞ்சாருங்கோ, உவர் என்னவாம்?" என்றார்.

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். நோய் வந்த பிறகு அவ்வளவு நீண்ட நேரம் அவர் ஒருவரைப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு திரையைப் பார்த்தார். தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. சத்தம்தான், ஆனால் நோய் வந்த பிறகு நாங்கள் கேட்ட முதல் சத்தம். கையில் இருந்த பேனையைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

கிணற்றடி வந்தது. லாயத்து நிழலில் அவன் நின்றான்.

"ஆர் இவன்?" என்று அம்மா கேட்டார். இந்தமுறை அது நடிப்பு இல்லை. "கள்ளனோ? ஆரப்பா இவன்?"

அப்பாவின் கை எழுந்தது. விரல் நீண்டது. உதடுகள் இரண்டும் சேர்ந்து, விரிந்து, மறுபடி சேர்ந்தன. "பெ" என்றார். "பெ. பெ." அதற்கு மேல் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்து கறுத்தது. அம்மா அவருடைய கையைப் பிடிக்கப் போனார். நான் அந்தப் பாழாய்ப்போன வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "சொல்லுங்கோ அப்பா, சொல்லுங்கோ, வருது" என்றேன்.

அவர் கையை ஓங்கி மேசையில் அடித்தார். தேத்தண்ணீர்க் கோப்பை போய் விழுந்தது. மடிக்கணினி சரிந்தது. பிறகு, அசையாத தன் வலது கையை இடது கையால் தூக்கித் தூக்கி மடியில் அடிக்கத் தொடங்கினார், அந்தக் கைதான் குற்றவாளி என்பதுபோல. தாதி ஓடிவந்தாள். எங்களை வெளியே போகச் சொன்னாள். கதவு சாத்தப்படும்போது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அப்பா அழுது நான் கண்டதில்லை.

காருக்குள் ஏறி அம்மா சாவியைப் போடாமல் இருந்தார். ஏரியில் மழை பெய்துகொண்டிருந்தது.

"பெரியமச்சான் எண்டுதான் சொல்ல வெளிக்கிட்டவர்" என்றார்.

"ஓம் அம்மா. அப்ப எல்லாம் உள்ளுக்க இருக்குது. நாளைக்கு..."

"பொத்தடி வாயை. நாங்கள் அந்த மனுசனை வதைக்கிறம்."

அதன் பிறகு உண்மையிலேயே கெட்ட நாட்கள். மடிக்கணினிப் பையோடு நான் அறைக்குள் நுழைந்தாலே அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பையை வெளியே வைத்துவிட்டு வந்தாலும் திருப்பிக்கொண்டார். சாப்பாடும் குறைந்தது. பயிற்சிப் பெண்ணிடம் "பெ" பற்றிச் சொன்னேன். அவர் அட்டைகளை மேசையில் தட்டி அடுக்கியபடி கவனமாகக் கேட்டார். அது நல்ல அறிகுறிதான், ஆனால் கூட்டத்தில் இருப்பவர்கள் தாங்களே கேட்காத ஓர் எழுத்தை வைத்து முடிவெடுக்கமாட்டார்கள் என்றார். பிறகு போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், இவர்களுக்கு அது பரீட்சை மண்டபம். எனக்கே அது தெரியும், ஆனால் என் வேலை கேட்பது."

அதை அம்மாவுக்குச் சொன்னேன். அன்று முழுக்க அம்மா வேலையில் இருந்தார். பின்னேரம் தொலைபேசி எடுத்தார். பின்னணியில் கார்ச் சத்தம் கேட்டது. ஒரு வயோதிபர் வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"இனி ஒண்டும் கேக்கிறேல்லை" என்றார்.

"எதை?"

"படத்தில. இனி நான் அவரைக் கேக்கமாட்டன். நான் சொல்லப்போறன்."

"என்னத்தை?"

"கதையை. பிழையா. அவர் இருக்கட்டும், பாக்கட்டும், பாராமல் விடட்டும். நான் என்ர பாட்டில சொல்லிக்கொண்டிருப்பன். கள்ளனுக்கு என்ர அண்ணைட குரல் இல்லை. அவற்ற மூத்த தமையன்ட குரல்."

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பெரியப்பாவை எனக்குத் தெரியும். ஒவ்வொரு தொலைபேசியிலும் அப்பாவுக்கு வாழ்க்கை நடத்தும் விதம் பற்றி வகுப்பெடுப்பவர். அப்பா அவரைக் கடவுளுக்கு அடுத்ததாக வைத்திருப்பவர்.

"அவர் விடமாட்டார், அம்மா."

"விடக்கூடாதெண்டுதான்."

அக்காவுக்குச் சொன்னபோது, விசர் பிடித்த குடும்பம் என்றாள். பிறகு, நாங்கள் மறுபடி படம் போடும் நாளில் தான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருவதாகவும், அறைக்குள் வராமல் காரிடோரில் நிற்பதாகவும் சொன்னாள். முதியோர் இல்லத்தின் அறையை இன்னும் சில நாள் வைத்திருக்கும்படி கேட்டிருக்கிறாளாம். எதற்கும் இருக்கட்டும் என்றாள். நான் அவளோடு சண்டை பிடிக்கவில்லை. இந்தமுறை எனக்கும் அவ்வளவு நம்பிக்கை இல்லை. எல்லா வழியும் அடைபட்டுவிட்டது என்று தெரிந்த பிறகும் கணினியில் ஒரு கட்டளையை மறுபடி ஓட்டிப் பார்ப்பதுண்டு. அறிவு அதைச் செய்வதில்லை, விரல் செய்கிறது.

நேற்றுப் பின்னேரம் அம்மாவின் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். குசினி மேசையில் மடிக்கணினி, சத்தமில்லாமல். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டே குரல் கொடுத்தார். முதலில் சரிவரவில்லை. கொள்ளைக்காரன் அம்மாவைப் போலவே கதைத்தான். பிறகு எப்படியோ பெரியப்பா வந்தார். "தம்பி, கிணறு வத்துது எண்டு நான் அப்பவே சொன்னனானெல்லே, நீ கேட்டியே?" என்று லாயத்து நிழலில் துவக்கோடு நின்றபடி மார்ஷலுக்குப் புத்தி சொன்னார். தரிப்பிடத்துக்காரனின் மனைவி வேலைத்தலத்தில் அம்மாவை அதட்டும் மேலாளராகிவிட்டாள். குதிரை மட்டும் டேனிஷ் கதைத்தது. நான் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தேன், அதன் பிறகு அழுதேன், அம்மா வெங்காயத்தைத் தள்ளி வைத்தார்.

"மார்ஷலுக்கு ஆற்ற குரல்?" என்று கேட்டேன். ஏனென்றால் இவ்வளவு நேரமும் மார்ஷல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார், அம்மா அவருக்கு ஒரு சொல்லும் கொடுக்கவில்லை.

"அவருக்கு நான் சொல்லப்போறேல்லை" என்றார் அம்மா. "அவர் வாய் திறக்கேக்க நான் சும்மா இருப்பன். அந்த இடம் காலியா இருக்கட்டும்."

நாளை அம்மாவுக்கு வேலை இல்லை, கூட்டத்துக்கு முன்னால் அதுதான் அவருடைய கடைசி விடுமுறை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா கொஞ்சம் தெளிவாக இருப்பார் என்று தாதி சொல்லியிருக்கிறாள். கதிரையை இடது பக்கம் போடவேண்டும், மேசையில் கோப்பை ஒன்றும் இருக்கக்கூடாது. நான் படத்தைத் தொடக்கிவிட்டு, அப்பாவின் கண்ணில் படாமல் கதவோரம் போய் நிற்கவேண்டும். என்ன வந்தாலும், வராவிட்டாலும், வாயைத் திறக்கக்கூடாது. வண்டி வந்து நிற்கும் இடத்திலிருந்து தொடங்குகிறோம்.